இருவாச்சி பறக்கும் சத்தம்

ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புலி பார்த்தீங்களா?" இல்லைங்க, பார்க்கவில்லை! அதில் எனக்குத் துளிகூட வருத்தமும் இல்லை. டாப்ஸ்லிப்பில் கரியன் சோலைக்குள் நடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே புஸ்... புஸ்... என்று ரயில் எஞ்சின் மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம். கூட வந்த காடர் பழங்குடி வழிகாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இருவாச்சி" என்றார். நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் கறுப்பு வெள்ளைச் சிறகும் பெரிய மஞ்சள் அலகுமாய்க் கிளைகளுக்கு நடுவே கடந்துபோய்விட்டது. அப்பப்பா!

அதன் குடித்தனத்தைக் கேட்டால் இன்னும் சொக்கிப்போவீர்கள். முட்டையிடும் காலத்தில் பெட்டை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் சுமந்து வந்து அந்தக் கீற்று வழியே ஊட்ட வேண்டும். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். தின்ற பழங்களின் விதையைக் காடெங்கும் போட்டுவருவதும் இதே பறவை. பொந்து விழும் அளவுக்கு வயதான மரங்கள் நிற்கும் காட்டில்தான் இது குடியிருக்கும். கரியன் சோலை அப்படிப்பட்ட காடு!

மற்றதையெல்லாம் எங்கே அடக்குவது? காப்பகத்தின் மையப் பகுதி மட்டுமே 958 சதுர கிலோமீட்டர். காட்டுமாடு, செந்நாய், மலையணில், கருமந்தி. கிழக்கே இறங்கினால் அமராவதி அணையில் முதலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறையில் நம் மாநில விலங்கான வரையாடு, ரோட்டில் போகிற பஸ்ஸைச் சட்டை செய்யாமல் மேய்கிறது! மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய துண்டுக் காடுகளில் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் அவை ரோட்டைத் தாண்ட மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் நின்றால் ஊராரை எச்சரிக்கச் சிவப்பு விளக்கு எரிகிறது. வால்பாறைக்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

வேனில் சுற்றுவதோடு திரும்பிவிடாதீர்கள். அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு நடங்கள். புதுத்தோட்டத்தில் குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். தின்பண்டத்துக்காக ரோட்டுக்கு இறங்கிப் பழகியவைதான் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.