ஊசி ஓடும் ரம்பம்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் தச்சர் யாரென்று பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் ரம்பத்தின் கைப்பிடி பைக்கு வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். இப்போது மார்பிள் கட்டரின் ஒயர் தொங்குகிறது. ஒயிட்ஃபீல்டு பக்கம் மொட்டைமாடியில் மரத்தளம் போடும் மோகம் வந்த பிறகு, டெக்குக்கு எந்த மெஷின் என்பதே பேச்சு. எந்த ரம்பம் என்று கேட்டவன் என் அண்ணன் மகன் ஒருவன்தான். தன் வீட்டு மாடியில் தானே பலகை அடிக்கப் போகிறானாம்.

இருபத்தாறு அங்குலம், அங்குலத்துக்கு எட்டுப் பல், குறுக்கு அறுப்புக்கு அரம் போட்டது. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்றேன். தளம் போடும் வேலையில் முக்கால்வாசி, நீளப் பலகையை அளவுக்குக் குறுக்கே வெட்டுவதுதானே. நெடுக்காகக் கிழிக்க வேண்டியதை மில்லிலேயே கிழித்து வாங்கிவிடலாம். கைப்பிடிக் கம்பத்தில் காடி எடுக்க மட்டும் பன்னிரண்டு பல்லில், முதுகுக்குப் பட்டை கட்டிய குட்டி ரம்பம் ஒன்று.

எட்டுப் பல் என்றாலே எனக்கு ஷெஃபீல்டு ஸ்பியர் அண்ட் ஜாக்சன்தான். 1760-லிருந்து இருக்கும் பெயர். என் நைனா இங்கே மைசூர் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். அவர் கையில் இருந்தது அதுதான். பீச் மரக் கைப்பிடி, பித்தளைத் திருகுகள். மூன்று விரல் உள்ளே போகும், ஆள்காட்டி விரல் வெளியே தகட்டின் மேல் நீண்டு நிற்கும். நான்கு விரலையும் நுழைக்கிற அளவுக்கு ஓட்டை இருந்தால் அது ரம்பம் செய்யத் தெரியாதவன் போட்ட பிடி. தகட்டைப் பல் பக்கம் தொட்டுப் பாருங்கள், பிறகு முதுகைத் தொட்டுப் பாருங்கள். முதுகு மெலிந்திருக்கும். அப்படி இழைத்த தகடு மரத்துக்குள் இறுகாது, பல்லை அதிகம் விரிக்கவும் வேண்டாம். நுனியை வளைத்துவிட்டால் கணீரென்று அதிர்ந்து நேராக நிற்கும்.

அமெரிக்க டிஸ்டன்தான் உசத்தி என்று சாதிக்கும் நண்பர் ஒருவர் ராபர்ட்சன்பேட்டையில் உண்டு. 1874-ல் வந்த டி-8, முதுகை உள்வளைவாகச் சீவி எடை குறைத்த ரம்பம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வளைந்த முதுகில் பென்சிலை ஓட்டிக் கோடு போட முடியாது. நேர் முதுகு ரம்பம் அளவுகோலாகவும் உழைக்கும். இதைச் சொன்னால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ரம்பத்தை விட அதற்கு அரம் போடும் கைதான் பெரிது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெரியவர் இருந்தார். ரம்பத்தை இரண்டு சட்டங்களுக்கு நடுவே பல் மேலாகக் கவ்வவிட்டு, முதலில் தட்டை அரத்தைப் பல்நுனிகளின் மேல் ஒரே இழுப்பாக ஓட்டுவார். உயர்ந்த பல்லெல்லாம் தலையில் வெள்ளைப் பொட்டோடு மின்னும். பிறகு ஒன்று விட்டு ஒரு பல்லை இடப்பக்கம் வளைப்பார், மிச்சத்தை வலப்பக்கம். பல்லின் மேல்பாதி மட்டும்தான் வளைய வேண்டும். அடியோடு வளைத்தால் தகடு விரிந்து பல் தெறித்துவிடும். அப்புறம் முக்கோண அரம், சாய்த்துப் பிடித்து, ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளம். ரம்பத்தைத் திருப்பி மிச்சப் பள்ளங்கள். நெடுக்கு ரம்பத்தின் பல் உளி, குறுக்கு ரம்பத்தின் பல் கத்தி. அந்தச் சாய்வு இல்லாமல் கத்தி இல்லை. வெள்ளைப் பொட்டு மறைகிற கணத்தில் கை நிற்கும். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தால் பல் குட்டையாகிவிடும்.

கடைசியில் சட்டைப் பையிலிருந்து தையல் ஊசி ஒன்று வரும். "பாரு தம்பி" என்று ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவிலுள்ள வாய்க்காலில் ஊசியை விடுவார். பிடியிலிருந்து நுனிவரை தடுக்காமல் வழுக்கி ஓட வேண்டும். நடுவில் குப்புற விழுந்தால் காசு வாங்கமாட்டார், மறுபடி அரம்.

நைனாவின் ரம்பத்துக்கு மட்டும் அவர் பல்லை அகலமாக விரித்துக் கொடுப்பார். சுரங்கத்துக்கு இறக்கும் மரம் பச்சை, ஈரம். நார் உப்பித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதே ரம்பத்தை வீட்டில் காய்ந்த தேக்கின் மேல் வைத்தால் வெட்டு அகன்று, தூள் இரட்டிப்பாகும். அதனால் நைனா வீட்டுக்கென்று வேறு ரம்பம் வைத்திருந்தார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பின் இந்த மாதிரி எத்தனை ரம்பம் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனது! கடைக்காரர் கைப்பிடியைக் கழற்றி வீசிவிட்டுத் தகட்டை மட்டும் தராசில் வைப்பார்.

இன்று கடையில் தொங்குவதெல்லாம் பல்நுனி கருநீலமாகச் சுட்டெடுத்த ரம்பம். வாங்கிய அன்று பிரமாதமாக அறுக்கும். மழுங்கினால் குப்பைதான், அரம் அந்தப் பல்லில் ஏறாது. அரம் போடுகிறவர்கள் தொழிலை விட்டது சோம்பலால் அல்ல, இந்த ரம்பத்தால். ஜப்பானிய இழுப்பு ரம்பத்தைக் கொண்டாடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். மெல்லிய தகடு, முடி போன்ற வெட்டு, எல்லாம் சரி. இழுத்து அறுப்பது நமக்கொன்றும் புதிதில்லை. காலால் மரத்தை மிதித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து இழுத்தறுத்த ஆசாரிகள் நம்மிடமே இருந்தார்கள். ஆனால் மெல்லிய தகடு யூகலிப்டஸில் நெளியும்.

கோலார் மாவட்டத்தில் கைக்கு எளிதாகக் கிடைப்பதும் யூகலிப்டஸ்தானே. நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று 2017-ல் கர்நாடக அரசு புதிதாக நடுவதைத் தடுத்தது. நட்டு வளர்ந்தவை இன்னும் மில்லுக்கு வருகின்றன. ரேகை பின்னிப் பின்னி ஓடும் மரம், காயும்போது முறுக்கும், நுனியில் வெடிக்கும். கீழ்ச்சட்டத்துக்கு வேண்டுமானால் வைக்கலாம். கால் படும் பலகைக்குத் தேக்கு, முடியாவிட்டால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. அந்தக் கலவைப் பலகையில் என் ரம்பத்தை வைக்கவிடமாட்டேன். அதற்குக் கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம் ஓடட்டும். வெட்டு நூற்றைத் தாண்டினாலும் வட்ட ரம்பம்தான் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் தகட்டை மாட்டி, காப்பு மூடியையும் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்களே, அதை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. கல்லுக்கான வேகம் அது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் ஆள்மேல் பாயும்.

அண்ணன் மகனுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் ரம்பம் இல்லை. ஆறங்குல மெல்லிய முக்கோண அரம், இரண்டு. அரத்தின் வாலுக்கு மரப்பிடி தனியாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். பிடியில்லாமல் தள்ளினால் வால் உள்ளங்கையில் இறங்கிவிடும்.