தேய்மானம் விற்பனைக்கு

'துப்பாக்கிக்குச் சட்டை மாட்டி அழகு பாக்கறதெல்லாம் கலையா தோழர்?' என்று கேட்பவர்கள் உண்டு. கலைதான் என்பது என் கட்சி. சிக்கல் அங்கே இல்லை. அந்தக் கலை எதை நடிக்கிறது என்பதில் இருக்கிறது.

கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் என்ற கணினி விளையாட்டில் 2013 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் ஆயுதங்களுக்கான வண்ணப்பூச்சுகளை - 'ஸ்கின்' - அறிமுகப்படுத்தியது. பெரும்பாலானவை வெளியிலிருந்து ஓவியர்கள் வரைந்து அனுப்பியவை. 2023இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது இவையும் கூடவே வந்துவிட்டன. பூச்சு மாறினால் குண்டின் வேகம் மாறாது, காயத்தின் ஆழம் மாறாது. சுடுவதற்கு அதனால் நயாபைசா பிரயோசனமில்லை. பார்வை ஒன்றுதான் மிச்சம்.

ஏடபிள்யூபி என்ற தொலைதூரத் துப்பாக்கிக்கு 2014இல் வந்த 'ஏசிமோவ்' பூச்சை எடுத்துக்கொள்வோம். வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு. ஏதோ விண்கலத்தின் உதிரிபாகம் போல இருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் 0க்கும் 1க்கும் இடையே ஒரு தேய்மான எண் உண்டு. ஏசிமோவுக்கு அது 0.18இல்தான் தொடங்குகிறது. அதாவது புத்தம்புது ஏசிமோவ் என்று ஒன்று கிடையவே கிடையாது, பிறக்கும்போதே பழசு. எண் 1ஐ நெருங்க நெருங்க வெள்ளை உரிந்து தொலைநோக்கிக் குழல் முழுக்கக் கறுத்துவிடுகிறது. அந்தக் கறுப்புக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கிறது. சுத்தமான வெள்ளையில் இல்லாத ஒரு கனம் அதற்கு வந்துவிடுகிறது.

ஆனால் பெட்டி திறந்த கணத்தில் விழுந்த எண் விழுந்ததுதான். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் புதிதாக ஒரு கீறல் விழாது. மண்வெட்டிப் பிடியின் வழவழப்பு யாரோ ஒருவருடைய உள்ளங்கையின் சரித்திரம். இங்கே கீறல் இருக்கிறது, கை இல்லை.

இதற்கு நேர் எதிரானது 'ஸ்டாட்ட்ராக்': எத்தனை பேரைக் கொன்றாய் என்று துப்பாக்கியின் மேலேயே எண்ணிக் காட்டும் மீட்டர். ஆட்டத்தில் உண்மையிலேயே நடந்ததைப் பதிவது அது ஒன்றுதான். விற்றால் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கீறல் சரக்கோடு போகும். நடந்த கதை கைமாறாது. செய்தவனின் சுவட்டைத் துடைத்துவிட்டு, செய்யாத வேலையின் தழும்புக்குச் சந்தை விலை போடுகிறது.

'எல்லாம் சூதாட்டம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது சுலபம். காசு கொடுத்துச் சாவி வாங்கி, உள்ளே என்ன என்று தெரியாமல் பெட்டி திறப்பது சூதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூதில் ஜெயித்தவன் எதைப் பார்த்துச் சொக்குகிறான்? உழைத்துத் தேய்ந்த பொருளின் சாயலைப் பார்த்து. அந்த ஏக்கம் பொய்யில்லை. அதை நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் அது விலைப்பட்டியலாகியிருக்கிறது.