கால் அங்குலக் கட்டையின் அழகு

நல்ல மரப்பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். முதலில் அதன் மூலையைப் பாருங்கள். இரண்டு பலகைகள் சந்திக்கும் அந்த விளிம்பில், சதுரச் சதுரமான பற்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து, தாள் நுழையவும் இடம் தராமல் நிற்கும். ஒரு பல் மரத்தின் ரேகையைக் காட்டும். அடுத்தது குறுக்கு வெட்டுமுகத்தைக் காட்டும். எண்ணெய் பூசியதும் வெட்டுமுகம் ஆசையாகக் குடித்துக் கருக்கும். ரேகைமுகம் வெளிர்நிறத்திலேயே மின்னும். சாயம் தீட்டாமலே மரம் தனக்குத் தானே வரைந்துகொள்ளும் அழகிய கட்டக் கோலம் இது.

பாக்ஸ் ஜாயிண்ட் என்கிற இந்தப் பொருத்தில் அழகும் உறுதியும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. வெட்டுமுகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. நாரோடு நார் சேர்ந்தால் விடாது. 4 அங்குல உயரம், அரை அங்குலத் தடிமன், கால் அங்குலப் பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் 15 பக்கச்சுவர்கள் நாரோடு நார் ஒட்டும். பசை பிடிக்கும் பரப்பு 3.75 சதுர அங்குலம். பலகையை வெறுமனே முட்டவைத்து ஒட்டினால் கிடைப்பது 2 சதுர அங்குலம், அதுவும் பலவீனமான வெட்டுமுகம். அட்டைப்பெட்டிகள் பெருகுவதற்கு முன், டைனமைட் அடைத்து அனுப்பிய மரப்பெட்டிகளின் மூலைகளைக்கூட இந்தப் பற்களே காத்தன.

இத்தனை பற்களையும் ஒன்றுபோல் வெட்டித் தருகிற ஜிக் என்ற வழிகாட்டிச் சட்டத்தை இப்போது அருகில் வந்து பாருங்கள். மேசை ரம்பத்தில் மரத்தைத் தள்ள உதவும் மைட்டர் கேஜில் திருகிய ஒரு பலகை. அதில் ஒரு காடி. காடியில் செருகிய கடினமரக் கட்டை. அவ்வளவுதான். ஆனால் எத்தனை நுட்பமான எளிமை! காடியை வெட்டியது அதே ரம்ப பிளேடு. கட்டையை இழைத்தது அந்தக் காடிக்குப் பொருந்த. கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியைக் காட்டுவது, கட்டையை அறுத்தெடுத்த அதே குச்சியின் இன்னொரு துண்டு. அதை நடுவில் வைத்து, இருபுறமும் தொடும்படி பலகையை நகர்த்தி, திருகை முடுக்கினால் போதும். அளவுகோல் எங்கும் தலைகாட்டவில்லை. வெட்டும், கட்டையும், இடைவெளியும் ஒன்றையொன்று அளந்துகொள்கின்றன.

வேலை செய்யும்போது பிறக்கும் தாளம் இன்னும் இனிமை. பலகையின் ஓரத்தைக் கட்டையில் அணைத்து ஒரு வெட்டு. பிறந்த காடியைக் கட்டைமேல் அமர்த்தி மறு வெட்டு. ஒவ்வொரு காடியும் அடுத்த காடிக்கு இடம் சொல்கிறது. இதோடு மூலையில் சேரும் இணைப்பலகையோ பல்லில் தொடங்காமல் காடியில் தொடங்கவேண்டும். அதற்கும் அளவு தேடவேண்டாம்: முதல் பலகையைத் திருப்பி, அதன் முதல் காடியைக் கட்டைமேல் மாட்டி, இணைப்பலகையை அதன் ஓரத்தோடு ஒட்டவைத்து வெட்டினால், முதல் பல்லே துல்லியமான வழிகாட்டி ஆகிவிடுகிறது.

நுணுக்கங்களில் இன்னும் சற்று தங்குவோம். பிளேடின் பற்கள் தட்டையான முனை கொண்டவையாக இருந்தால் காடியின் அடித்தளம் சமமாக விழும்; சாய்முனைப் பற்கள் காடியின் அடிமூலைகளைச் சமமாக விடுவதில்லை. பிளேடின் உயரம் பலகைத் தடிமனைவிட ஒரு தாள் கனம் கூடுதலாக இருக்கட்டும். வெளியே எட்டிப்பார்க்கும் அந்த மெல்லிய மிச்சத்தை உப்புத்தாள் மென்மையாகச் சமன்செய்துவிடும். பற்கள் இறுகினால் கட்டையைப் பிளேடின் பக்கம் ஓர் இழை நகர்த்துங்கள். தளர்ந்தால் ஓர் இழை விலக்குங்கள். கை அழுத்தத்தில் பாதி இறங்கி, கொட்டாப்புளியின் செல்லத் தட்டில் மீதி இறங்குவதே செம்மையான பொருத்து. பசையின் ஈரத்தில் மரம் சற்று உப்பும். அதற்கும் இடம் வேண்டுமல்லவா?

கனடாவின் மரவேலைக்காரர் மத்தியாஸ் வாண்டல் திருகுத்தண்டும் மரப் பல்சக்கரங்களும் பூட்டி ஒரு ஜிக் உருவாக்கினார். சக்கரங்களை மாற்றிப் பல்லின் அகலத்தை மாற்றலாம். வியந்து வணங்கத்தக்க படைப்பு அது. ஆயினும் என் மனம் அந்தச் சின்னக் கட்டையிடமே சாய்கிறது. பட்டறையில் மிஞ்சிய பலகையும் ஒரு கடினமரக் குச்சியும் உங்களிடம் இருந்தால் இந்த ஜிக்கைச் செய்துபாருங்கள். பெட்டி செய்துமுடித்த பிறகும் அதைத் தூக்கி எறிய உங்களுக்கு மனம் வராது.