பாட்டும் புத்தகமும்: பொருளா, நேரமா?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்குப் பாட்டையும் புத்தகத்தையும் பழக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று பெருநகரத்துப் படித்த குடும்பங்களோடு நிற்கவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய காவேரிப்பாக்கம் போன்ற பேரூரிலும், அங்கிருந்து மேற்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்திலும் அது வந்து சேர்ந்துவிட்டது. எந்த வடிவத்தில் வந்திருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. பாட்டு பெரும்பாலும் செல்போனில் ஓடும் ரைம்ஸ் வீடியோவாக வந்திருக்கிறது. புத்தகம், ஆங்கில எழுத்தும் பழத்தின் படமும் அச்சிட்ட அட்டையாகவும் சுவரில் மாட்டும் சார்ட்டாகவும் வந்திருக்கிறது. மூன்று வயதில் எல்.கே.ஜி. சேர்ப்பதற்கான முன்னேற்பாடு என்ற கணக்கு இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. சிறு குழந்தைக்குப் பாட்டும் புத்தகமும் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை தாமாகக் குழந்தைக்கு எதையும் செய்துவிடுவதில்லை. ஒரு பெரியவர் குழந்தையின் முகம் பார்த்துப் பாடும்போதும், படத்தைக் காட்டிப் பேசி, குழந்தை சொல்வதைக் காதில் வாங்கி மறுபடி பேசும்போதும்தான் பயன் பிறக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால், எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்வி சிறிதாகிவிடும். குழந்தைக்குத் தர யாரிடம் நேரம் இருக்கிறது, இல்லாதவருக்கு அதை யார் உண்டாக்கித் தருவது என்ற கேள்வி பெரிதாக எழும்.

முதலில் பாட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் வளர்ச்சியை ஓசையோடும் அசைவோடும் சேர்த்துக் கவனிப்பது தமிழுக்குப் பழைய பழக்கம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடியது முதல் தொடரும் பிள்ளைத்தமிழ், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. 3-ஆம் மாதத்தில் தொடங்கி 21-ஆம் மாதம் வரை இரண்டிரண்டு மாத இடைவெளியில் அவற்றை வரிசைப்படுத்துவதுண்டு. தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, நாவசைக்கும் தால், கைகொட்டும் சப்பாணி என்று பெரும்பாலான பருவங்களில் குழந்தை ஏதோ ஒன்றைச் செய்கிறது. பல பருவங்களில் பெரியவர் அதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறார். அரசனையும் தெய்வத்தையும் புகழ எழுந்த இலக்கியம் அது, வளர்ப்பு நூல் இல்லை. ஆனாலும் குழந்தை வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதைவிட அதன் அசைவையே அது பெரிதாகப் பாடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-இல் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆறு மாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, இரு பிரிவினரையும் ஆறு மாத காலம் வாரந்தோறும் வகுப்புக்கு வரவழைத்தார்கள். ஒரு பிரிவில் பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து பாடித் தட்டி ஆடினார்கள். மற்றதில் இசைத்தட்டு பின்னணியில் ஒலிக்க, பொம்மைகளோடு விளையாடினார்கள். முடிவில், சேர்ந்து பாடிய பிரிவின் குழந்தைகள்தான் சுட்டிக்காட்டுவது, கையசைப்பது போன்ற சைகைகளில் முன்னேறியிருந்தார்கள், கூடுதலாகச் சிரித்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வில், 14 மாதக் குழந்தையைத் தூக்கி வைத்து, எதிரே நிற்பவரின் அசைவோடு தாளம் ஒத்துப்போகும்படி ஆட்டினார்கள். பிறகு அவர் கைதவறி விழவிட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதில் அந்தக் குழந்தைகள் கூடுதல் ஆர்வம் காட்டினார்கள். ஒருவரோடு ஒத்து அசைந்ததே அவரோடு ஓர் இணக்கத்தை உண்டாக்கிவிட்டது.

புத்தகத்துக்கும் இதே விதி பொருந்துகிறது. 1988-இல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவரது குழுவினரும் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவுதான் புத்தகம் படித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் படிக்கும் முறை கற்றுத் தரப்பட்டது: எழுதியிருப்பதை ஒப்பிக்காமல் “இது என்ன பண்ணுது?” என்று கேட்பது, குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை ஒரு வாக்கியமாக நீட்டித் திருப்பிச் சொல்வது, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பது. ஒரே மாதத்தில் அந்தப் பிரிவின் குழந்தைகள் பேச்சில் பல மாத வளர்ச்சிக்குச் சமமாக முன்னேறினார்கள். புத்தகமும் நேரமும் சமமாக இருந்தும் முறை மாறியதால் விளைவு மாறியது. பிறகு 1992-இல் வெளியான ஆய்வில், மெக்சிகோவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகள் வரும் பகல்நேரக் காப்பகத்தில் ஓர் ஆசிரியை இதையே சில வாரங்கள் செய்து பார்க்க, அங்கும் பேச்சு வளர்ந்தது. இந்தச் சான்றுகளுக்கு வரம்பும் உண்டு. ஆய்வில் இருந்த குழந்தைகள் சிலரே. 1988-ஆம் ஆண்டு ஆய்விலேயே ஒன்பது மாதம் கழித்து இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்துபோனது. அதனால் இதை ஒருமுறை போட்டு மறந்துவிடும் தடுப்பூசியாக எண்ணக் கூடாது. விட்டுவிடாமல் தொடர்ந்தால்தான் பலன் தங்கும்.

இந்தப் பழக்கத்தின் குறைகளுக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. பெரியவரை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் குழந்தையின் முன் வைப்பது எளிது, விற்பதற்கும் தோது. 1993-இல் மொசார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள் சிலர், வடிவங்களை மனத்தில் புரட்டிப் பார்க்கும் ஒரு தேர்வில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அந்த விளைவு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆய்வில் குழந்தைகளே இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர அரசுப் பணம் கேட்டார். குழந்தைகளுக்கான ‘பேபி ஐன்ஸ்டீன்’ வீடியோக்கள் பெரும் வணிகமாயின. கடைசியில் 2009-இல், அவற்றை விற்றுவந்த டிஸ்னி நிறுவனம், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இடையில் 2003-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பாட்ரீசியா குல் நடத்திய ஆய்வு காரணத்தை விளக்கியிருந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து விளையாடிப் புத்தகம் படித்துக் காட்டியபோது, அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றார்கள். அதையே திரையில் பார்த்த குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. பேசியவரும் அதே ஆள்தான், பேச்சும் அதே பேச்சுதான். திரையில் இருப்பவர் குழந்தையின் கண்ணைப் பார்த்து நிறுத்திப் பதில் சொல்ல முடியாது என்பதே வேறுபாடு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு வயது நிரம்பும் வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் பரிந்துரைத்தது. சாப்பிட வைக்கவும் அழுகையை நிறுத்தவும் ஓடும் ரைம்ஸ் வீடியோவை இசைக் கல்வி என்று எண்ணுவது, இந்தச் சான்றுகள் எதற்கும் பொருந்தாது.

இன்னொரு குறை, பயனை மதிப்பெண்ணில் தேடுவது. பாட்டு மூளையைக் கூர்மையாக்கும், கணக்கு வரும், ஐ.க்யூ. ஏறும் என்று சொல்லித்தான் இன்று இசை வகுப்பு விற்கப்படுகிறது. 2013-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் நான்கு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் இசை வகுப்பில் சேர்த்துப் பார்த்தபோது, அறிவுத்திறனில் நம்பத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. பாட்டை அறிவுக்கான மருந்தாக்கினால், மருந்து வேலை செய்யாதபோது பாட்டையே நிறுத்திவிடுவார்கள். குழந்தை அதில் மகிழ்கிறது, பாடுகிறவரோடு நெருங்குகிறது என்பதே போதிய காரணம். எழுத்து அட்டைகளிலும் இதே பிழை நடக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், கடிக்கும், கிழிக்கும், ஒரே பக்கத்துக்கு இருபது முறை திரும்பும். அந்த வயதில் அதுதான் வாசிப்பு. எழுத்தின் பெயரை ஒப்பிக்க வைப்பதும், தப்பாகச் சொன்னால் முகம் சுளிப்பதும் புத்தகத்தைத் தேர்வுத் தாளாக்கிவிடும்.

நம் ஆயாக்கள் புத்தகம் பார்த்தா பிள்ளை வளர்த்தார்கள் என்ற மறுப்பு எழும். அதில் பாதி உண்மை இருக்கிறது. தாலாட்டும் விடுகதையும் கதையும் இருந்த வீட்டில் மொழிக்குப் பஞ்சமில்லை. இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கும் நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். மடியிலிருந்தே அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு. ஆனால் அந்த ஆயாவே இன்று நூறு நாள் வேலைக்குப் போகலாம். அல்லது வேறு ஊரில் இருக்கலாம். அவரிடமிருந்த பாட்டுகள் மகளிடம் வந்து சேராமலும் போயிருக்கலாம். வீட்டில் அன்றாடம் புழங்கும் பேச்சு “வா, போ, தொடாதே, சாப்பிடு” என்று சுருங்கும் இடத்தில், ஒரு படப் புத்தகம் பேசுவதற்குப் பொருள் தருகிறது. ஒட்டகத்தையும் கப்பலையும் பற்றிக் காவேரிப்பாக்கத்து வீட்டில் பேச்சு எழ வேறு வழி குறைவு. புத்தகம் ஆயாவுக்குப் போட்டி இல்லை. அவர் பேச்சுக்கு அது ஒரு துணை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: இதெல்லாம் நேரமும் படிப்பும் உள்ளவர்களுக்கு, ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்க்கு இல்லை என்பது. படிப்பைப் பொறுத்தவரை இது சரியன்று. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனை ஒட்டிய காயெலிட்ஷா என்ற ஏழ்மையான குடியிருப்பில், 14 முதல் 16 மாதக் குழந்தைகளின் தாய்மாருக்குப் புத்தகம் பகிரும் முறையைச் சில வாரங்கள் கற்றுத் தந்தார்கள். குழந்தைகளின் சொல்வளமும் கவனமும் கூடியதை 2015-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. படம் பார்த்துப் பேச எழுத்தறிவுகூடத் தேவையில்லை. ஆனால் நேரத்தைப் பற்றிய மறுப்பு முழுக்க உண்மை. இந்த வட்டாரத்துக் காலணித் தொழில் பெண்களின் உழைப்பில் நிற்கிறது. விடியலில் கம்பெனி வண்டி ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பி, சமையலையும் முடிக்கும் தாயிடம் “தினமும் பிள்ளைக்குப் புத்தகம் படியுங்கள்” என்று அறிவுரை சொல்வது அவர் தலையில் இன்னொரு குற்ற உணர்வைச் சுமத்துவதுதான். பழக்கத்தைப் பரப்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். இங்குதான் பொறுப்பு வீட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

சட்டம் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது, பின்னாளில் திருத்தப்பட்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம். அறையும் தொட்டிலும் இருக்கின்றனவா என்று கேட்கும் தொழிற்சாலை ஆய்வாளர், அங்கே குழந்தையோடு பேசிப் பாட ஆள் இருக்கிறாரா, கைக்கெட்டும் உயரத்தில் பத்துப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். அங்கன்வாடியிலும் அரசின் கவனம் வயதுக்கு வயது மாறுகிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே. அதற்குக் கீழே உள்ளவர்களை அரசு பெரும்பாலும் எடையாலும் சத்துமாவாலும்தான் சந்திக்கிறது. இந்த இடைவெளியை உணர்ந்து, பிறப்பு முதல் மூன்று வயது வரையான குழந்தைகளுக்காக ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை 2024-இல் ஒன்றிய அரசு வெளியிட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் கணக்கெடுப்பு, செல்போன் செயலியில் பதிவு, உணவு, வீடு வீடாகச் சென்று பார்ப்பது என்று ஏற்கெனவே சுமை தாங்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு நேரத்தை விடுவிக்காமல் இதையும் ஏற்றினால், அது காகிதத்தில்தான் நடக்கும்.

கடைசியாக, மொழி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது பேசப்படுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு. தமிழ் வீடுகளிலும் புத்தகத்துத் தமிழுக்கும் பேச்சுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ‘யானை வருகிறது’ என்று அச்சில் இருப்பதை “யானை வருது பாரு” என்று சொல்லத்தான் தாய்க்கு வாய் வரும். அப்படியே சொல்லட்டும். குழந்தை பதில் பேசப்போவது அந்த மொழியில்தான். எழுத்து நடை பின்னால் வரும். உருது பேசும் தாய் தமிழ்ப் புத்தகத்தின் படத்தை உருதுவில் விளக்குவதில் எந்தத் தவறும் இல்லை. இதற்கு ஏற்றவை சொல் குறைந்த, படம் நிறைந்த புத்தகங்கள். 1957 முதல் இயங்கும் நேஷனல் புக் டிரஸ்டும் 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகாவும் மலிவான, இருமொழிப் படப் புத்தகங்களைத் தந்திருந்தாலும், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்கள் இன்றும் குறைவே. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்டு, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவரும் மாநிலம் இது. ஊர் நூலகம் இந்த வயதுக்கென ஓர் அலமாரி வைத்து, கிழிந்தாலும் அபராதமில்லாமல் வீட்டுக்குக் கொடுப்பது மக்கள் கட்டிய பணத்துக்கு நியாயமான செலவு.

எனவே இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, திருத்த வேண்டும். வீட்டில் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்: குளிப்பாட்டும்போது ஒரு பாட்டு, தூங்கும் முன் ஒரு புத்தகம், குழந்தை பேசக் காத்திருக்கும் பொறுமை. வீட்டில் அது இயலாதபோது கம்பெனிக் காப்பகமும் அங்கன்வாடியும் நூலகமும் அந்தப் பத்து நிமிடத்தைக் குழந்தைக்குத் தர வேண்டும். அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாகக் கிடைப்பது, காலணி தைக்கும் தாயின் பிள்ளைக்கு உரிமையாகக் கிடைக்கும்போதுதான் இந்தப் பழக்கம் தன்னைப் பற்றிச் சொல்லப்படும் புகழுக்குத் தகுதி பெறும்.