ஆண்டவன் படைப்பா, ஆடவன் படைப்பா?

மூன்று நிமிடங்கூட நீளாத பாட்டு. பாடியவர் முப்பத்திரண்டு வயதுக் குடும்பப் பெண். மூன்று குழந்தைகளின் தாய். குரலிலே கொதிப்பில்லை, கூச்சலில்லை. ஆயினும் அந்தப் பாட்டைக் கேட்டு அஞ்சினர், அமெரிக்க நாட்டிலே! என்.பி.சி. வானொலி அதனை ஒலிபரப்ப மறுத்தது. நாஷ்வில் நகரத்துப் புகழ்பெற்ற இசைமேடையாம் ‘கிராண்ட் ஓலே ஆப்ரி’யும் முதலில் அதற்கு இடந்தரவில்லை.

ஆண்டு 1952. பாடியவர் கிட்டி வெல்ஸ். பாட்டின் பெயரைத் தமிழிலே சொன்னால், ‘மதுக்கூடத்து மங்கையரைப் படைத்தவன் ஆண்டவனல்லன்’ என்று ஆகும். தலைப்பே தீர்ப்பு! ‘அப்படியானால் படைத்தவன் யார்?’ என்ற கேள்வி தானே எழுகிறதல்லவா? அதற்கு விடையளிப்பதே பாட்டு.

தோழர்களே, வழக்கு எங்கே தொடங்கிற்று என்பதை முதலிலே அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவரும், ஆலைத் தொழிலாளரும், மலைநாட்டு மக்களும் வளர்த்த இசையை அந்நாட்டார் ‘கன்ட்ரி’ இசை என்பர். உழைத்துக் களைத்தவர்கள் மாலையிலே கூடிக் குடித்து, ஆடிப்பாடும் மலிவான கூடங்களுக்கு ‘ஹாங்கி டாங்க்’ என்று பெயர். அங்கே காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி ஒன்று இருக்கும். 1952-இல் அந்தப் பெட்டிகளிலெல்லாம் ஓயாது ஒலித்தது ஹாங்க் தாம்சன் என்பாரின் ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’. ஒருத்தி ஒருவனை விட்டுப் பிரிந்து, மதுக்கூடத்து வாழ்வை நாடிச் சென்றுவிட்டாள். அவன் அழுகிறான். அழட்டும், பிரிவு யாருக்கும் துயரந்தானே! ஆனால் அழுதவன் அதோடு நின்றானா? இத்தகைய பெண்களை ஆண்டவனே இப்படித்தான் படைத்தான், அதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும் என்று முடித்தான். சென்றவள் ஒருத்தி, குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட்டதோ ஓர் இனம். சாட்சியாக அழைக்கப்பட்டவர் கடவுள்! பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது அந்தப் புலம்பல். அவள் ஏன் சென்றாள் என்று கேட்பாரைக் காணோம். பிறவிக்குணம் என்று சொல்லிவிட்ட பிறகு காரணம் எதற்கு?

காரணம் கேட்டது கிட்டி வெல்ஸின் பாட்டு. பாட்டிலே வரும் பெண், அதே இசைப்பெட்டி அருகே அமர்ந்து, அதே ஆடவனின் புலம்பலைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு விடை கூறுகிறாள். மனைவியிடம் உண்மையாக இராத கணவன்மார்தாம் எத்தனையோ நல்ல பெண்களைத் தடம்புரளச் செய்தனர். பழியை மட்டும் பெண் சுமக்கிறாள் என்பது அவள் வாதம். ஆண்டவன் தலையில் கட்டிய பொறுப்பை அவிழ்த்து, ஆடவன் தலையில் வைக்கிறாள்.

இதிலே நான் மிகவும் சுவைப்பது மெட்டை. தாம்சன் பாடிய மெட்டும் வெல்ஸ் பாடிய மெட்டும் ஒன்றே! அதுவும் அவர்கள் ஆக்கியதன்று. 1929-இல் கார்ட்டர் குடும்பத்தார் காதற்பாட்டாகப் பாடியது. 1936-இல் ராய் ஏகஃப் சமயப் பாடலாகப் பாடிப் புகழ்பெற்றது. காதலுக்கும் கடவுளுக்கும் ஊழியம் செய்த அந்த மெட்டை எடுத்து ஆடவன் பெண்ணைப் பழித்தான். அதே மெட்டிலே பெண் மறுமொழி தந்தாள். கேட்பவன் காதுக்குப் பழகிய இசை, நெஞ்சுக்குப் பழகாத கருத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. புதுமெட்டாயிருந்தால் இத்துணை ஆழமாகத் தைத்திராது என்றே எண்ணுகிறேன்.

குரலையும் சொல்ல வேண்டும். தாய் மகளிடம் பேசுவது போன்ற குரல், சற்றே மூக்கொலி கலந்தது, அலங்காரம் அறியாதது. நாஷ்வில்லிற் பிறந்த முரியல் டீசன் என்பதே அவர் இயற்பெயர். பள்ளியை விட்டு, சட்டை தேய்க்கும் ஆலைப் பணிக்குச் சென்றவர். 1937-இல் பாடகர் ஜானி ரைட்டை மணந்தார்; கணவர்தாம் பழம்பாட்டொன்றிலிருந்து எடுத்து ‘கிட்டி வெல்ஸ்’ எனப் பெயரிட்டார். பெண் பாடினால் இசைத்தட்டு விற்காது என்பது அன்றைய வணிகர் வேதம். பாட்டுத் தொழிலையே விட்டுவிட எண்ணியிருந்தவர், 1952 மே 3-ஆம் நாள், 125 டாலர் கூலி கிடைக்குமே என்றுதான் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடச் சென்றார். புரட்சி செய்யப் புறப்பட்டவரல்லர்! பாட்டோ ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பில்போர்டு இதழின் கன்ட்ரி வரிசையில் தனித்துப் பாடிய பெண்ணொருத்தி முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. லொரெட்டா லின் போன்றோர் பின்னர் நடந்த பாதையை வெட்டியவர் அவர்.

பாராட்டுவதால் குறையை மறைக்கலாமா? இதனை நாத்திகப் பாட்டென்று எண்ணி மகிழ்ந்துவிட வேண்டா. கடவுளை இப்பாட்டு மறுக்கவில்லை. பழியிலிருந்து விடுவிக்கிறது, அவ்வளவே. வெல்ஸ் பக்திப் பாடல்களும் பாடியவர். மேலும், மதுக்கூடத்துக்குச் சென்ற பெண் ‘கெட்டவள்’ என்ற அளவுகோலை இப்பாட்டு முறிக்கவில்லை; கெடுத்தவன் யார் என்று மட்டுமே கேட்கிறது. அதே கூடத்திலே அமர்ந்து குடிக்கும் ஆணுக்கு ஏன் அப்பெயர் இல்லை என்ற வினா எழாமலே பாட்டு முடிந்துவிடுகிறது.

இன்னொரு கசப்பும் உண்டு. பாட்டை எழுதியவர் லூசியானா மாநிலத்து ஜே. டி. மில்லர், ஓர் ஆடவர். கறுப்பின இசைவாணர் பலரின் பாடல்களைப் பதிவுசெய்த அவரே, 1960-களில் கறுப்பின மக்களை இழித்துப் பாடும் நிறவெறி இசைத்தட்டுகளையும் வெளியிட்டார்! பிறப்பாற் குணம் என்னும் பொய்யைப் பெண்ணின்பொருட்டு உடைத்த கை, அதே பொய்யை நிறத்தின்பொருட்டுக் கட்டி எழுப்பிற்று. பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இது என் நெஞ்சில் உறுத்துகிறது. ஆயினும் கேட்கிறேன். எழுதியவர் வகுத்த வேலியைத் தாண்டியது வரி. தாண்ட வைத்தது பாடியவரின் குரல்.

1993-இல் டாலி பார்ட்டன், லொரெட்டா லின், டாமி வைனெட் மூவரும் சேர்ந்து ‘ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பு வெளியிட்டனர். அதிலே இந்தப் பழைய பாட்டைப் பாடுகையில், எழுபதைக் கடந்துவிட்ட கிட்டி வெல்ஸையும் அழைத்து உடன் பாடவைத்தனர். 2012-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.