ஊர் இல்லாத சிங்கம்

‘லிட்டில் சிங்கம்’ பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் ஆறு வயதில் ஒன்று இருந்தால் பார்த்தே இருப்பீர்கள். ரிமோட் பிள்ளையின் கையிலும், சோற்றுக் கிண்ணம் உங்கள் கையிலும் இருக்கும்போது யாராலும் தப்ப முடியாது.

2018 ஏப்ரலில் டிஸ்கவரி கிட்ஸ் சேனலில் தொடங்கிய கார்ட்டூன். ரிலையன்ஸ் அனிமேஷனும் டைரக்டர் ரோஹித் ஷெட்டியின் கம்பெனியும் சேர்ந்து செய்தது. போலீஸ் உடுப்புப் போட்ட பொடியன் ஒருவன் மிர்ச்சி நகர் என்ற ஊரைக் காப்பாற்றுகிறான். உடம்பில் சிங்கத்தின் பலம். வில்லன்கள் வருவார்கள், அடி வாங்குவார்கள், போவார்கள். நாளைக்கும் அதேதான்.

இந்தச் சிங்கத்தின் பூர்வீகம் நம்ம பக்கம். 2010-ல் ஹரி இயக்கி சூர்யா நடித்த ‘சிங்கம்’தான் தாய்வீடு. பாட்டி முதல் பேரன் வரை வேன் வைத்துப் போய்ப் பார்த்த படம். அடுத்த வருடமே இந்திக்குப் போய் அஜய் தேவ்கன் ஆனது. தமிழில் 2013, 2017 என்று இரண்டு முறை திரும்ப வந்தது. இந்தியில் 2014, 2024. நடுவில் இந்தக் கார்ட்டூன். ஆக, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், மும்பைக்குப் போய், அங்கே சின்னப் பையனாகி, டப்பிங் தமிழ் பேசிக்கொண்டு ராஜபாளையத்து வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஊர்க்காரர் திரும்பி வந்தால் சந்தோஷப்பட வேண்டாமா? பட முடியவில்லை. வந்திருப்பது உடுப்பும் பேரும்தான். ஆளைக் காணோம்.

முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். துரைசிங்கம் யார்? நல்லூர் ஸ்டேஷனில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அப்பாவின் பிரியத்துக்காகப் போலீஸில் சேர்ந்தவர். அவருக்கென்னவோ குடும்பத்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருக்கத்தான் ஆசை. ஒன்றரை டன் அடியெல்லாம் அப்புறம். சென்னையிலிருந்து மயில்வாகனம் என்ற பெரிய கை வருகிறபோது துரைசிங்கத்திடம் இருக்கிற முதல் ஆயுதம் ஒரு நோட்டு. நிபந்தனை ஜாமீன், வந்து கையெழுத்துப் போடு, நீயேதான் போட வேண்டும். அவ்வளவுதான். அதற்காக அவரைச் சென்னைக்குத் தூக்கி அடிக்கிறார்கள். அங்கே மேலதிகாரியே எதிராளியின் ஆள். போதும்டா சாமி, ஊருக்கே போய்விடலாம் என்று மனசு விட்டுப் போகிறது. நமக்குப் படபடப்பு அங்கேதான் ஆரம்பித்தது. இந்த ஆள் தோற்றுவிடலாம் என்ற பயம். அந்தப் பயம் இருந்ததால்தான் கடைசியில் கைதட்டினோம்.

குட்டிச் சிங்கத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இல்லை. மேலதிகாரி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பையனின் பலத்துக்கு முன்னால் எடுபடாது. தோற்கவே முடியாதவன் ஜெயித்தால் அதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெயர் கேட்பதற்கு முன்னால் ‘எந்த ஊரு?’ என்பார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி ரத்தத்தில் இருக்கிறது. மிர்ச்சி நகர் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இந்தி, தமிழ், தெலுங்கு என்று எல்லா வீட்டிலும் விற்க வேண்டும் என்றால் எந்த ஊராகவும் இல்லாமல் இருப்பது வசதி. அங்கே மலை தெரியாது, மில் சங்கு கேட்காது, யாரும் யாரையும் மாமா என்றோ சித்தி என்றோ உரிமையாகக் கூப்பிட்டு மனசில் நிற்பதில்லை. காப்பாற்றுகிற ஊரே மனசில் பதியாவிட்டால், காப்பாற்றினால் என்ன, காப்பாற்றாவிட்டால் என்ன?

‘குழந்தைகள் பார்க்கிறதுதானே, விடுங்க சார்’ என்பீர்கள். வேகம் இருக்கிறது, கலர் இருக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு படத்தின் கிளை என்றாலே இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. ‘ஷ்ரெக்’ வரிசையிலிருந்து பிரிந்து வந்த பூனைக்கு 2022-ல் ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். ஒன்பது உயிரில் எட்டு போய்விட்டது. சாவே ஓநாய் ரூபத்தில் துரத்துகிறது. வீரதீரப் பூனை நடுநடுங்கி ஓடி ஒளிகிறது. அதுவும் குழந்தைகள் படம்தான். குழந்தைகளுக்குப் பயம் புரியும். இருட்டில் பாத்ரூம் போகத் துணை கூப்பிடுகிறவர்கள் அவர்கள்தானே?

சரி, அசைவாவது ஒழுங்காக இருக்கிறதா? டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்குப் பன்னிரண்டு பாடங்கள் சொன்னார்கள். அதில் ஒன்று: ஓர் அசைவைக் காட்டுவதற்கு முன்னால், அதற்கு உடம்பு தயாராவதைக் காட்டு. குதிக்கிறவன் முதலில் குனிய வேண்டும்.

இதற்கு ஹாலிவுட் வரை போக வேண்டாம். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பெண் ஆண்டாள், திருப்பாவையின் இருபத்து மூன்றாம் பாட்டில் ஒரு சிங்கத்தை நடக்கவிட்டிருக்கிறாள். மழைக்காலம், மலைக்குகை, தூங்குகிற சிங்கம். அதற்கு உணர்வு வருகிறது. கண் திறக்கிறது. பிடரி எழுகிறது. உடம்பை உதறிச் சோம்பல் முறிக்கிறது. கர்ஜனை அதற்கப்புறம்தான். பென்சில் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு ஃபிரேமும் கண்ணில் தெரிகிறது. மார்கழி விடியலில் அதைப் பாடுகிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும். நம் கார்ட்டூன் சிங்கம் தூங்குவதுமில்லை, எழுவதுமில்லை. எடுத்த எடுப்பில் கர்ஜனை.

ராஜபாளையத்தில் சிங்கம் கிடையாது. 2005-ல் தபால்தலையில் இடம் பிடித்த நாய் இருக்கிறது. திண்ணையில் செத்தது போலப் படுத்திருக்கும். தெருமுனையில் புது ஆள் திரும்பியதும் காது மட்டும் எழும். பிறகு தலை. பிறகு அந்த வெள்ளை உடம்பு மொத்தமும். அதற்குள் நமக்குக் கால் உதறிவிடும். படம் வரைகிறவர் ஒரு மத்தியானம் அதன் எதிரே (சற்றுத் தள்ளி) உட்கார்ந்திருந்தால் போதும். பலம் என்பது என்ன என்று தெரிந்திருக்கும்.

தயவுசெய்து ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். கூட உட்காருங்கள். விளம்பர இடைவேளையில், ‘இவனுக்கு எந்த ஊருடா? இன்னிக்கு இவன் தோத்துட்டா என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கதை சொல்லும். அதில் ஓர் ஊர் இருக்கும், ஒரு பயம் இருக்கும், அநேகமாக நீங்களும் இருப்பீர்கள். டிவியில் ஓடியதைவிட அது நல்ல கதை.