நின்ற வண்டியின் குடித்தனம்

லாரி டிரைவரின் திறமையை நாம் வண்டி ஓடும்போதுதான் பார்க்கிறோம். தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்குகிற வண்டியைக் கியரிலேயே பிடித்துக் கொண்டுவரும் லாவகத்தைப் பாராட்டாதவர் இல்லை. வண்டி நின்ற பிறகு அவர் செய்வதில் உள்ள நயமும் அதற்குச் சளைத்ததல்ல என்பது என் கட்சி. நாமக்கல், சங்ககிரி வண்டிகள் வடக்கே போய் நிற்கும் இடங்களில் அதைக் கண்ணாரக் காணலாம்.

சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போகும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பெரிய ஊர் என்றால் பகலில் நோ என்ட்ரி. ஊருக்கு வெளியே ஓரங்கட்ட வேண்டும். இரவில் உள்ளே போனாலும் சுமை இறக்கும் ஆட்கள் விடிந்துதான் வருவார்கள். இறக்கியானபின் ரிட்டன் லோடு அமைய வேண்டும். நாசிக் பக்கத்து வெங்காயம் உடனே கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள்கூட ஆகும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அந்த வரிசை ஒழிந்தது. மற்றக் காத்திருப்புகள் ஒழியவில்லை. 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் சாலையில் ஓய்வு எப்போது என்பதை முடிவு செய்வது நோ என்ட்ரிப் பலகையும் குடோன் சாவியும்தான். எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியாத அந்த நேரத்தை ஒரு குடித்தனமாக மாற்றிவிடுகிறார்களே, அதுதான் அவர்கள் கைவண்ணம்.

முதல் வேலை சமையல். சப்பாத்தி ஊரில் நாலு நாள் தள்ள முடியும். ஐந்தாம் நாள் நாக்கு சோறு கேட்கும். அதனால் அரிசியும் புளியும் குழம்புத் தூளும் வீட்டிலிருந்தே ஏறிவிடும். வண்டி நின்றதும் சாலைப் பக்கம் இல்லாத ஓரமாக, பாடியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அடுப்பை வைக்கிறார்கள். பின் சக்கரங்கள் ஒரு பக்கக் காற்றைத் தடுக்கும். மறு பக்கத்துக்குப் படுதாவின் ஒரு முனையை அவிழ்த்துத் தொங்கவிட்டால் போதும். பாடிக்குக் கீழே இருக்கும் பெட்டியின் கதவைக் கீழ்நோக்கி இறக்கினால் அதுவே காய் நறுக்கும் மேசை. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. காயை அதில் அலசிவிட்டு, மிச்சத்தில் தட்டைக் கழுவுகிறார்கள். கேனில் உள்ள தண்ணீர் இன்னும் எத்தனை நேரத்துக்கு வர வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? எந்தக் குழம்பு என்பதிலும் யோசனை உண்டு. இரவு என்ட்ரி திறந்துவிட்டால் அடுப்பு மூட்ட நேரம் இருக்காது. ஆகவே பகலில் புளிக்குழம்பு; ராத்திரிக்கும் கெடாது, ஆற ஆற ருசிக்கும்.

“அண்ணே, உப்புப் பாருங்க” என்று கிளீனர் கரண்டியை நீட்டுவான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, “இன்னும் நாலு கல்லுப் போடு சாமி” என்பார் டிரைவர். பக்கத்தில் இன்னொரு தமிழ்நாட்டு வண்டி நின்றால் அளவு மாறும்: அரிசி ஒரு ஆழாக்கு கூடும், அவர்கள் கருவாடு இங்கே வரும். எந்த ஊர் வண்டி, யாருடைய வண்டி என்ற விசாரிப்பெல்லாம் சோற்றில் கை வைத்த பிறகுதான். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சுகம் வண்டியடியில் கிடையாது. பாட்டிலிங் பிளாண்ட் பக்கம் நெருப்பே ஆகாது என்பதால், எட்டிப் போய் கடை தேடியாக வேண்டும்.

சாப்பாடு அடங்குவதற்குள் டிரைவர் ஒரு நடை வண்டியைச் சுற்றி வருவார். கையில் டயர் லீவர். ஒவ்வொரு டயரையும் ஒரே பலத்தில் ஒரு தட்டு. காற்று முழுதாக இருந்தால் இரும்பு துள்ளித் திரும்பும், ‘டங்’ என்று ஓசை நிற்கும். குறைந்திருந்தால் அடி உள்ளே அமுங்கி ‘தொப்’ என்று அடங்கிவிடும். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் டயர்களில் உள் டயர் கண்ணுக்கே தெரியாது. அங்கே காதுதான் கண். இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருந்தால் அதே லீவரால் நெம்பி எடுக்கிறார். வித்துவான் கச்சேரிக்கு முன் மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி பார்ப்பதுபோல அத்தனை பொறுமை. வேலையா ஓய்வா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்தக் கால் மணி நேரத்தில்தான், அவருக்கும் வண்டிக்கும் உள்ள உறவு நமக்குப் பிடிபடுகிறது.

தாபாவில் நின்றால் வாழ்க்கை வேறு தினுசு. தொட்டித் தண்ணீரில் குளியல், அங்கேயே துணி துவைப்பு. படுதாக் கயிற்றின் நீளத்தில் ஈரச் சட்டைகள் காயும். கயிற்றுக் கட்டிலின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டால் சாப்பாட்டு மேசை, எடுத்தால் படுக்கை. கட்டில் கிடைக்காதவர் டிரெய்லரின் அடியில் வேட்டியைத் தொட்டிலாகக் கட்டிக்கொள்கிறார். மேலே இரும்புக் கூரை, கீழே ஓடும் காற்று. கேபினின் எஞ்சின் சூட்டைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால்தான் அங்கே கண் மூட மனம் வரும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன். “எந்த ஊருங்கப்பா இப்ப?” என்று குழந்தை கேட்டால், ஊர்ப் பெயரோடு நிறுத்த மாட்டார். போனைத் திருப்பி ஆரஞ்சு வண்டியையும், பின்னால் போகும் ஒட்டகத்தையும் காட்டுவார். ராஜஸ்தானுக்கு மார்பிள் ஏற்றப் போன அப்பாவால் அந்த வீட்டுக் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே வரைபடம் தெரிந்துவிடுகிறது. மனைவி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தூங்குனீங்களா?” சாப்பாட்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, தூக்கத்தைப் பற்றித்தான்.

அந்தக் கேள்வியை நாமும் கேட்க வேண்டும். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது; நல்ல தொடக்கம். ஓடும் வண்டிக்குள் வந்த அந்த அக்கறை, நிற்கும் இடத்துக்கும் வர வேண்டும். ஊர் எல்லையில் பகலெல்லாம் நிறுத்தி வைக்கிறோம் என்றால் அங்கே மரமும் குழாயும் கழிவறையும் காவலும் இருப்பதுதான் நியாயம். வேறு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நிழலும் தண்ணீரும் கொடுத்துவிட்டால், மீதிக் குடித்தனத்தை அவர்களே அழகாக நடத்திக்கொள்வார்கள்.